ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: 6-இல் நிற்கும் கட்டுரையை 6.5-க்கு ஏற்றுவது எப்படி?

கேள்வி: 03.03.2024, ஞாயிறு

அக்கா, நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸ். யூகே போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் அகாடமிக் பிரிவை எழுதினேன். லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் இரண்டாவது தடவையும் 6. கோச்சிங் சென்டரில் கொடுத்த டெம்ப்ளேட்டை அப்படியே எழுதினேன், கஷ்டமான வார்த்தைகளும் நிறையப் போட்டேன். கேட்டால் வொக்காபுலரி பத்தவில்லை என்கிறார்கள். எந்தப் புத்தகம் வாங்கிப் படித்தால் 6.5 வரும்?

03.03.2024, இரவு

புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

கட்டுரைக்கு நான்கு தலைப்புகளில் மார்க் போடுகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா என்பது ஒன்று (டாஸ்க் ரெஸ்பான்ஸ்). எழுதியது கோர்வையாகப் போகிறதா என்பது இரண்டாவது (கோஹெரன்ஸ் அண்ட் கொஹீஷன்). சொல்வளம் மூன்றாவது, இலக்கணம் நான்காவது. நான்குக்கும் சம எடை, தலா 25 சதவீதம். நான்கிலும் 6 வாங்குகிறவர் இரண்டில் மட்டும் 7 வாங்கினால் சராசரி 6.5 ஆகிவிடும். நான்கையும் தூக்க வேண்டியதில்லை.

எந்த இரண்டை? உங்கள் சென்டர் மூன்றாவதைப் பிடித்துத் தொங்கச் சொல்கிறது. நான் முதல் இரண்டைச் சொல்வேன். சொல்வளமும் இலக்கணமும் பல வருடப் பழக்கத்தில் வருபவை, அவற்றை அரை பேண்ட் (ஐஇஎல்டிஎஸ் மார்க்குக்கு அதுதான் பெயர்) நகர்த்தவே மாதக்கணக்கில் ஆகும். கேள்விக்குப் பதில் சொல்வதும் ஒரு கருத்தை நடுவில் விடாமல் கடைசிவரை கொண்டுபோவதும் யோசனை சம்பந்தப்பட்டவை. அந்த யோசனையைத் தமிழிலேயே செய்யலாம். ரீடிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் 7 வாங்கியவருக்கு ஆங்கிலம் போதாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை அப்படியே அனுப்புங்கள், திருத்தாமல்.

04.03.2024, காலை

டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்று. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் (என்எம்சி) ஒரு காலத்தில் லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நான்கிலும் 7 கேட்டது. 2018 டிசம்பரில் ரைட்டிங்குக்கு மட்டும் 6.5 போதும் என்று குறைத்தார்கள். மற்ற மூன்றிலும் 7 அப்படியே இருக்கிறது. பழைய ஆட்கள் யாராவது ரைட்டிங்கிலும் 7 வேண்டும் என்று பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை அரை பேண்ட்தான்.

05.03.2024, இரவு

கட்டுரை வந்தது. முதியவர்களைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிலரும், அரசு நடத்தும் இல்லங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டு பார்வையையும் அலசி உங்கள் கருத்தையும் சொல்லுங்கள் என்பது கேள்வி. ஒரு நர்சுக்கு இதைவிட நல்ல தலைப்பு அமையாது.

அதில் உங்கள் இரண்டாவது பத்தி என்ன சொல்கிறது என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். "முதலாவதாக, குடும்பம் அன்பு தரும். மேலும், குடும்பம் பராமரிப்பு தரும். அதுமட்டுமின்றி, முதியவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள். கடைசியாக, பேரக்குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் வரும்." நான்கு வரியில் நான்கு கருத்து, எதையும் விளக்கவில்லை. எக்ஸாமினர் ஒவ்வொரு வரியிலும் "எப்படி?" என்று கேட்கிறார், பதில் வருவதற்குள் நீங்கள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறீர்கள். கருத்துகள் பொருத்தமானவை, ஆனால் போதுமான அளவு வளர்க்கப்படவில்லை. இதுதான் 6. அவற்றை விரித்து, ஆதாரம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் 7. ஐஇஎல்டிஎஸ் நடத்துபவர்களே பேண்ட் விளக்கங்களைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள், 2023-இல் புதுப்பித்த பதிப்பும் வந்திருக்கிறது. இலவசம்தான். சென்டரில் கொடுத்த நோட்ஸைவிட முதலில் அதைப் படியுங்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் சொந்தக் கருத்து கடைசி வரியில்தான் வருகிறது, அதுவும் "இரண்டிலும் நன்மை உண்டு" என்று. அதை ஒரு நிலைப்பாடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 7-க்கு முதல் பத்தியிலிருந்தே உங்கள் நிலை தெளிவாகத் தெரிய வேண்டும், கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும்.

06.03.2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எங்கள் சாரோ எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலையாக எழுது, எக்ஸாமினருக்குப் பிடிக்காத கருத்தாக இருந்தால் மார்க் போய்விடும் என்கிறாரே" என்று கேட்டிருக்கிறார்.

போகாது. உங்கள் கருத்து சரியா தப்பா என்பதற்கு மார்க் கிடையாது. முதியோரை இல்லத்தில்தான் விட வேண்டும் என்று எழுதலாம், விடவே கூடாது என்றும் எழுதலாம். சொன்னதை நிறுவினீர்களா என்றுதான் பார்ப்பார்கள். "இந்த அளவுக்கு இது சரி, இந்த இடத்தில் சரியில்லை" என்பதும் நல்ல நிலைப்பாடுதான், எந்த அளவு, எந்த இடம் என்று சொல்லிவிட்டால். பயந்து மழுப்புவதில்தான் மார்க் போகிறது.

06.03.2024, இரவு

சரி, அந்தப் பத்தியையே எடுத்துக்கொள்வோம். போனில் கேட்டேனே, "உன் வார்டில் வயதான நோயாளியை டிஸ்சார்ஜ் பண்ணும்போது என்ன பிரச்சினை வரும்?" என்று. மடமடவென்று சொன்னீர்கள். பக்கவாதம் வந்த பாட்டி ஒருவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். சாப்பாடு தொண்டையில் சிக்காமல் இருக்கக் கூழாக்கித் தர வேண்டும். மகளுக்கு வேலை, மருமகனுக்கும் வேலை. வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பகல் முழுவதும் ஆள் இல்லை, இருப்பவருக்கும் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியாது.

இதுதான் உங்கள் பத்தி! இதை விட்டுவிட்டு "முதியோர் இல்லங்கள் பல வசதிகளைக் கொண்டுள்ளன" என்று ஏன் எழுத வேண்டும்? இப்படிப் போகட்டும். முதல் வரியில் கருத்து: நோய்வாய்ப்பட்ட முதியவருக்குப் பாசத்தோடு பயிற்சியும் தேவைப்படுகிறது. இரண்டாவது வரியில் காரணம்: நீண்ட காலம் படுக்கையில் இருப்பவருக்கு வரும் சிக்கல்கள் தெரியாதவர் கையில் வேகமாக முற்றும். மூன்றாவதில் எடுத்துக்காட்டு: பக்கவாதம் வந்த நோயாளியும் இரண்டு மணி நேரக் கணக்கும். நான்காவதில் இதைக் கேள்வியோடு முடிச்சுப் போடுங்கள்: வேலைக்குப் போகும் பிள்ளைகளால் இதைத் தர முடியாது, ஆகவே இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அரசு இல்லம் நியாயமான ஏற்பாடு. மொத்தம் நான்கு வரி. கருத்து ஒன்றே ஒன்று.

கேள்வித்தாளிலேயே உங்கள் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ எடுத்துக்காட்டு தரச் சொல்லித்தான் இருக்கிறது. நம் ஆட்கள் அந்த வரியைத் தாண்டிப் போய், "ஒரு பிரபலப் பல்கலைக்கழக ஆய்வின்படி 80 சதவீதம் பேர்" என்று இல்லாத ஆய்வை எழுதுகிறார்கள். எக்ஸாமினர் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த 80 சதவீதம் எதையும் விளக்குவதும் இல்லை. நீங்கள் தினமும் கண்ணால் பார்ப்பது விளக்கும்.

08.03.2024

"மேலும், அதுமட்டுமின்றி, கூடுதலாக" பற்றி. மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன் மூன்றையும் ஒரே பத்தியில் அடுக்கியிருக்கிறீர்கள். இவை இருந்தால்தான் கோர்வை என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பேண்ட் விளக்கத்தில் 6-க்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இணைப்புச் சொற்கள் வருகின்றன, ஆனால் இயந்திரத்தனமாக இருக்கலாம். டெம்ப்ளேட் உங்களை 6-இல் கட்டிப்போடுவது இப்படித்தான்.

முந்தைய வாக்கியம் முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கினால் ஒட்டுச்சொல் இல்லாமலே ஒட்டும். "பயிற்சி தேவை" என்று முடித்தீர்களா, அடுத்ததை "இந்தப் பயிற்சி" என்று தொடங்குங்கள். பத்திக்கு ஒன்றிரண்டு இணைப்புச் சொல் தாராளமாகப் போதும்.

"இந்த நவீன காலகட்டத்தில்", "ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு" என்று தொடங்கும் முன்னுரைகளை இன்றோடு விட்டுவிடுங்கள். மனப்பாட வரி எது என்று எக்ஸாமினருக்குப் பார்த்ததும் தெரியும். பளபளப்பான மனப்பாட வரிக்குப் பக்கத்திலேயே உங்கள் சொந்த வரி வரும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

09.03.2024, இரவு

டெம்ப்ளேட்டைப் பற்றி நேற்று காட்டமாக எழுதினேன். யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முன்னுரை, இரண்டு நடுப்பத்தி, முடிவுரை என்ற சட்டகத்தை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு அறையில் கை நடுங்கும்போது அது உதவும். தூக்கி எறிய வேண்டியது அந்தச் சட்டகத்துக்குள் முன்கூட்டியே நிரப்பி வைத்த வாக்கியங்களைத்தான். இவை இரண்டும் வேறு வேறு.

11.03.2024

ரைட்டிங்கில் இரண்டு பகுதி உண்டு. இதுவரை பேசிய கட்டுரைதான் டாஸ்க் 2, டாஸ்க் 1 பற்றி யாருமே கேட்கவில்லை. டாஸ்க் 2-க்கு அதைப் போல இரண்டு மடங்கு எடை என்பது உண்மை. அதற்காக டாஸ்க் 1-ஐ அலட்சியமாக விட்டால் மூன்றில் ஒரு பங்கு மார்க்கைக் கோட்டை விட்டதாகும்.

அகாடமிக்கில் வருவது வரைபடம், அட்டவணை, செயல்முறைப் படம் போன்றவை. 150 வார்த்தையாவது எழுத வேண்டும். நம் நர்சுகள் இதில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே போகிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கொடுக்கிறீர்களே, அதுபோல எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த டெம்பரேச்சரை எல்லாம் வரிசையாக ஒப்பிக்க மாட்டீர்கள். "நேற்று ராத்திரி வரை காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது, காலையிலிருந்து இறங்குகிறது" என்று முதலில் சொல்லிவிட்டு, முக்கியமான ஒன்றிரண்டு ரீடிங்கை மட்டும் சொல்வீர்கள். டாஸ்க் 1-இல் அந்த முதல் வாக்கியத்துக்கு ஓவர்வியூ என்று பெயர். அது தெளிவாக இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் தலைப்பில் 5-க்கு இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

எண்கள் ஏன் ஏறின, ஏன் இறங்கின என்று காரணம் ஊகிக்க வேண்டாம். படத்தில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும்.

12.03.2024

இன்னொரு தம்பி கேட்டது: "350 வார்த்தை எழுதினால் மார்க் கூடுமா? 300-க்கு மேல் போனால் குறைப்பார்கள் என்றும் சொல்கிறார்களே?"

இரண்டும் இல்லை தம்பி. டாஸ்க் 2-க்கு 250 என்பது குறைந்தபட்சம். மேலே வரம்பு கிடையாது. நீளத்துக்குத் தனி மார்க்கும் கிடையாது. 270, 280-இல் நிறுத்துவது நல்லது என்பது என் அபிப்பிராயம். 350 எழுதுகிறவர்களுக்குப் படித்துப் பார்க்க நேரம் இருக்காது, பிழையும் அதற்கேற்பக் கூடும். கம்ப்யூட்டரில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கை திரையிலேயே தெரியும், எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

மொத்தம் 60 நிமிடம். 20, 40 என்று பிரிப்பது அவர்கள் தரும் யோசனைதான். எதை முதலில் எழுதுவது என்பது உங்கள் இஷ்டம். நான் எல்லோரிடமும் டாஸ்க் 2-ஐ முதலில் எழுதச் சொல்வேன். பாதியில் நேரம் முடிந்துபோனால் இழப்பு எடை குறைந்ததில் விழட்டும்.

14.03.2024, அதிகாலை

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன். நீங்கள் திரும்ப எழுதி அனுப்பிய கட்டுரையைப் பார்த்தேன். பாட்டி பத்தி நன்றாக வந்திருக்கிறது! படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு கருத்தை எடுத்துக் கடைசி வரை கொண்டுபோயிருக்கிறீர்கள். இப்போது இலக்கணத்துக்கு வரலாம்.

நர்சுகளின் ஆங்கிலத்தில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு, அதைச் சென்டர்காரர்கள் கவனிப்பதில்லை. நாம் தினமும் எழுதுவது நர்சிங் நோட்ஸ். அதில் "தி"யும் "ஏ"யும் இருக்காது, "இஸ்", "வாஸ்" இருக்காது. "பேஷண்ட் காம்ஃபர்ட்டபிள், ஐவி லைன் பேட்டன்ட், டாக்டர் இன்ஃபார்ம்ட்." வார்டில் அப்படித்தான் எழுத வேண்டும், எழுத நேரமும் அவ்வளவுதான். வருடக்கணக்கில் அப்படி எழுதிய கை கட்டுரையிலும் அதையே செய்கிறது. உங்கள் மூன்றாவது பத்தியில் "கவர்ன்மென்ட் ஷுட் பில்ட் ஹோம் ஃபார் எல்டர்லி" என்று இருக்கிறது. கவர்ன்மென்டுக்கு முன்னால் "தி" இல்லை, எல்டர்லிக்கு முன்னால் இல்லை, ஹோமுக்குப் பின்னால் "எஸ்" இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று இடம். உங்களுக்குத் தெரியாததல்ல இது, பேசும்போது சரியாகத்தான் சொல்கிறீர்கள். கைப்பழக்கம்.

இரண்டாவது, கமா. "வந்து, பார்த்து, மருந்து கொடுத்து" என்று தமிழில் எத்தனை வினையை வேண்டுமானாலும் கோர்த்துக்கொண்டே போகலாம். அதே ஓட்டத்தில் ஆங்கிலத்தில் முழு வாக்கியத்தை முழு வாக்கியத்தோடு கமா போட்டு ஒட்டிவிடுகிறோம். அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள். முற்றுப்புள்ளி நிறைய வந்தால் சின்னப் பிள்ளை எழுதியது போலத் தெரியும் என்ற பயம் வேண்டாம். பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்பதுதான் 7-க்கு எதிர்பார்ப்பு. நடு நடுவே "இஃப்", "ஆல்தோ", "விச்" போட்ட நீள வாக்கியம் சிலது சரியாக வந்தால் போதும். "ஆல்தோ" போட்ட வாக்கியத்தில் "பட்" வேண்டாம்.

கடைசி நான்கு நிமிடத்தைப் புதிதாக எதுவும் எழுதாமல், எழுதியதைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். எல்லாப் பிழையையும் தேடாதீர்கள். வினையில் "எஸ்", பெயர்ச்சொல்லுக்கு முன் "தி" அல்லது "ஏ", கமா. இந்த மூன்றை மட்டும் தேடித் திருத்துங்கள்.

16.03.2024

எப்படிப் பயிற்சி செய்வது என்று ஒருவர். தினம் ஒரு புதுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்களாம்.

பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்ப்பவருக்கு அது ஆகாது. முடிந்தாலும் பலன் குறைவு என்பேன், ஏனென்றால் அதே பிழையைத் தினம் ஒருமுறை புதிதாகச் செய்துகொண்டிருப்பீர்கள். ஒரு கட்டுரையை எடுத்து, யாரிடமாவது காட்டி, அதையே திரும்ப எழுதுங்கள். இரண்டாவது தடவை எழுதும்போதுதான் "ஓ, இந்த வரி எதையும் சொல்லவில்லையே" என்று தெரியும். எழுத முடியாத நாளில் பஸ்ஸில் வரும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தமிழிலேயே யோசியுங்கள்: என் பதில் என்ன, ஏன், எங்கே பார்த்தேன். அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் ஒரு நடுப்பத்தி தயார்.

17.03.2024

"ஓஇடி எழுதினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்று கீழே எழுதியிருப்பவருக்கு: ஓஇடி என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, அதுவும் நல்ல வழிதான். ஓஇடியில் நர்சுகளுக்குப் பொதுக் கட்டுரை கிடையாது. நோயாளியின் கேஸ் நோட்ஸைப் படித்துவிட்டு ரெஃபரல் கடிதமோ டிஸ்சார்ஜ் கடிதமோ எழுத வேண்டும். 45 நிமிடம், முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். என்எம்சி அதில் ரைட்டிங்குக்கு சி பிளஸ்ஸும் மற்றவற்றுக்கு பி-யும் கேட்கிறது. ஆனால் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட மிக அதிகம், கடிதத்துக்குள்ளும் இதே "தி" பிரச்சினை வரும். மற்ற மூன்றிலும் ஏற்கெனவே தேவையான பேண்டைத் தொட்டவர் அவசரப்பட்டு மாற வேண்டாம் என்பது என் எண்ணம். எதையுமே தொடாதவர் ஓஇடியைப் பற்றி யோசிக்கலாம்.

20.03.2024, இரவு

ரீவால்யுவேஷன் போடட்டுமா, ஒன் ஸ்கில் ரீடேக் எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறுமதிப்பீட்டுக்கு (என்கொயரி ஆன் ரிசல்ட்ஸ்) தேர்வு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். பயிற்சியில் 7 தரத்தில் எழுதிக்கொண்டிருந்தவருக்குத் தேர்வில் 6 வந்தால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் தேர்வில் எழுதியது முதல் நாள் எனக்கு அனுப்பிய கட்டுரை மாதிரிதான் இருந்திருக்கும். அதற்கு 6 நியாயமான மார்க். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஒன் ஸ்கில் ரீடேக் என்றால் ரைட்டிங்கை மட்டும் திரும்ப எழுதலாம். கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்குத்தான் அது உண்டு, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள், ஒரு தடவை. நீங்கள் கம்ப்யூட்டரில்தான் எழுதினீர்கள், நாளும் இருக்கிறது. ஆனால் அந்த மார்க்ஷீட்டை என்எம்சி ஏற்குமா என்று அவர்கள் தளத்தில் நீங்களே படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஏற்பார்கள் என்றால் 60 நாளின் கடைசி வாரத்தில் தேதி வாங்குங்கள், அதுவரை எழுத நேரம் கிடைக்கும்.

இந்த வாரம் டாஸ்க் 1 ஒன்று எழுதி அனுப்புங்கள். டாஸ்க் 2-இல் குற்றமும் தண்டனையும் பற்றிய கேள்வி ஒன்று எடுங்கள். மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பிலும் உங்களுக்கு எடுத்துக்காட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை எனக்கு ஆஃப், அன்றைக்கே திருத்தித் தருகிறேன்.